ஆமாஞ்சாமி டியூட்டி

சேஷகிரி சார் கையில் வாக்கி டாக்கியைக் கொடுத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம். போனில் பேசினால் எதிராளி இருமலாம், தும்மலாம், "ஒரு நிமிஷம் சார்" என்று குறுக்கே புகலாம். வாக்கியில் அந்தப் பருப்பு வேகாது. ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்தச் சானலில் வேறு யாரும் பேச முடியாது. பேசினாலும் ஒருவருக்கும் கேட்காது. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதருக்கு இதைவிட வசதியான கருவி கிடையாது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலத்தைப் பார்த்து நிற்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவர் பராமரிப்பு மேனேஜர். லிஃப்ட், ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர், சாக்கடை எல்லாம் அவர் பொறுப்பு. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. யாருடைய லீவையும் வெட்டியதில்லை, யாரையும் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. ஆனால் ஒரு பல்பு ஃப்யூஸ் போனால் அந்தப் பல்பில் ஆரம்பித்து, முன்னே அங்கே இருந்த ட்யூப்லைட்டுக்குப் போய், அதை மாட்டிய கான்ட்ராக்டரின் மைத்துனன் கல்யாணம் வரைக்கும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவார். கேள்வியும் கேட்பார். பதிலுக்கு நிற்கமாட்டார், அடுத்ததற்குத் தாவிவிடுவார். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத மனிதர் என்று பரிதாபப்படவும் வழியில்லை. மனைவி, இரண்டு மகள்கள், மாமியார் என்று வீடு நிறைய ஆட்கள். "அவங்களும் வேற சானலுக்கு மாறியிருப்பாங்க" என்பான் டெக்னீஷியன் க்ளென்.

வேறு சானல் என்ற யோசனையே க்ளென்னுடையதுதான். கட்டடத்துக்கு அதிகாரபூர்வமானது இரண்டாம் சானல். சேஷகிரி சார் அதில் உட்கார்ந்துகொண்டு இறங்காததால், ஒருநாள் எல்லோரும் ஓசைப்படாமல் ஐந்தாம் சானலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். வேலை ஐந்தில் நடந்தது. இரண்டில் சேஷகிரி சார் நடந்தார். அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்க, ஷிஃப்டுக்கு ஒருவர் இரண்டாம் சானலில் இருந்து 'ம்' கொட்ட வேண்டும். அதற்கு ஆமாஞ்சாமி டியூட்டி என்று பெயர்.

இந்த டியூட்டியில் கெட்டிக்காரி, கன்ட்ரோல் ரூமில் உட்காரும் ஜோவிதா. வீடு மர்பி டவுனில். அவள் மேஜையில் இரண்டு வாக்கிகள் உண்டு, ஒன்று இரண்டாம் சானலுக்கு, ஒன்று ஐந்தாம் சானலுக்கு. சேஷகிரி சார் பேசுவதை முழுக்கக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். மூச்சு வாங்குவதற்காக அவர் பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுப்பார். ஒரு 'ஆமா சார்' கொள்ளும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். அதில் "ஆமா சார்", "கரெக்ட் சார்", "ஆச்சு சார்" மூன்றில் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும், வண்டி மறுபடி கிளம்பிவிடும். வாக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, குரல் நிற்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அவள் போனில் வீடியோ பார்ப்பாள், சாப்பிடுவாள், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை தேடுவாள். இத்தனை நாளில் ஒரு 'ஆமா சார்' கூடத் தவறியதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்தில் கேட்டில் இருந்த செக்யூரிட்டிகளைத் தவிர ஜோவிதாவும் மொட்டைமாடியில் ஏசி வேலை பார்த்துக்கொண்டிருந்த க்ளென்னும்தான். முதல்நாள் கொட்டிய மழையில், மூன்றாவது பேஸ்மென்ட்டில் இருக்கும் எஸ்.டி.பி.யில் ஒரு பம்ப் நின்றுபோயிருந்தது. எஸ்.டி.பி. என்பது கட்டடத்துக் கழிவுநீர் முழுவதும் தொட்டி தொட்டியாக விழுந்து சுத்தமாகும் அறை. விஷயம் தெரிந்ததும் சேஷகிரி சார் தொம்மலூரில் இருக்கும் வீட்டிலிருந்து தானே கிளம்பி வந்துவிட்டார். வந்தவர் கன்ட்ரோல் ரூமை எட்டிப் பார்த்து, மழையைப் பற்றிக் கொஞ்சம், ஏரிகளைப் பற்றி நிறைய பேசிவிட்டு, பேசியபடியே லிஃப்டில் இறங்கினார். ஜோவிதா வழக்கம்போல் வாக்கியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்திருந்த சோற்றையும் சிக்கன் சாப்ஸையும் பிரித்தாள். குரல் நின்றது. "ஆமா சார்." மறுபடி நின்றது. "ஆச்சு சார்." எலும்பை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு "கரெக்ட் சார்."

சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தவள், கைபோன போக்கில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"...ஃபேன் ஓடுதான்னு கேட்டேன், ஆச்சு சார்னு நீ சொன்னே, அதுக்கப்புறம்தான் கதவையே தொறந்தேன், கொத்தா, தெரியுமா? கன்ஃபர்ம் பண்ணாம இந்த ரூமுக்குள்ள நான் கால் வைக்கமாட்டேன்ம்மா. சில பேரு இருக்காங்க, அவசரக் குடுக்கைங்க..."

ஜோவிதா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். கட்டடத்தில் இருக்கும் எல்லா இயந்திரங்களும் அதில் சின்னச் சின்னப் படங்களாக இருக்கும். ஓடுவது பச்சை, ஓடாதது சாம்பல். எஸ்.டி.பி. அறையின் கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன் சாம்பலாக இருந்தது. கரண்டை மிச்சம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நிறுத்திவைப்பது மேலிடத்து உத்தரவு. யாராவது உள்ளே போவதாக இருந்தால் கன்ட்ரோல் ரூமில் சொல்ல வேண்டும், கன்ட்ரோல் ரூம் போட்டுவிட வேண்டும். சேஷகிரி சார் சொல்லியிருக்கிறார். கன்ட்ரோல் ரூம் சிக்கன் சாப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு ஆச்சு சார் என்றிருக்கிறது.

அவள் பாய்ந்து மவுஸைப் பிடித்தாள். மவுஸை நகர்த்திய விரல் இரண்டு தடவை தவறான படத்தில் போய் விழுந்தது. மூன்றாவது தடவை ஃபேனைப் பிடித்துப் போட்டாள். சாம்பல் மெதுவாகப் பச்சைக்கு வந்தது. ஆனால் அவ்வளவு பெரிய அறையில், முந்தின ராத்திரியிலிருந்து தேங்கிய காற்று ஃபேன் சுற்றிய உடனே காலியாகிவிடாது. கால் மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் அந்த மனிதர் அங்கே நிற்கக் கூடாது.

வாக்கியை எடுத்துப் பட்டனை அழுத்தினாள். "சார், வெளிய வாங்க!"

கீ என்று ஒரு சத்தம் வந்தது. சானல் காலியில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நோடம்மா, இங்க பாரு, இந்த கேஸ் இருக்கே, ரொம்ப மோசம். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை மாதிரி நாத்தம் வரும். ஜாஸ்தியாச்சுன்னா முதல்ல மூக்கைத்தான் சாகடிக்கும். அப்புறம் ஒன்னுமே தெரியாது. அதனாலதான் பசங்ககிட்ட சொல்லுவேன், நாத்தம் அடிச்சா பயப்படாதே, நாத்தம் நின்னுச்சுன்னா ஓடிடுன்னு. இப்போ பாரு, கதவைத் தொறந்தப்போ குப்புனு அடிச்சது. இப்போ சுத்தமா இல்ல. எல்லாம் ஃபேனோட புண்ணியம்."

ஜோவிதா மறுபடி பட்டனை அழுத்தினாள், மறுபடி கீ. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் சொன்ன ஒரு பொய்யைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் பொய்யை நம்பித்தான் மூக்கு செத்துப்போனதை நல்ல காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மொபைலில் கூப்பிட்டாள். மூன்றாவது பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடையாது என்று அவளுக்கே தெரியும், இருந்தும் கூப்பிட்டாள். இனி அவர் மூச்சு விடும் அந்த ஒரு நொடிதான் வழி. இத்தனை காலம் அசால்ட்டாகப் பிடித்த இடைவெளி. பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மாதாவே, ஒரு தடவை நிறுத்தச் சொல்லு, ஒரே ஒரு தடவை.

நிறுத்தினார்.

"சார், ஃபேன்..."

அவ்வளவுதான் போயிற்று. மறுபடி அவர் கட்டைவிரல் இறங்கிவிட்டது. "ஆமாம்மா, ஃபேனைத்தான் சொல்றேன். இந்த ஃபேன் யாரு வாங்கினது தெரியுமா? மேனேஜ்மென்ட் வேணாம்னுச்சு. நான்தான் மீட்டிங்ல எழுந்து நின்னு..."

ஜோவிதா இன்னொரு வாக்கியைப் பிடுங்கினாள். ஐந்தாம் சானல். "க்ளென்! க்ளென்! உடனே பேஸ்மென்ட்டுக்கு வா!"

"என்ன ஜோவி, காது வலிக்குதா?" க்ளென் சிரித்தான். "என்னை மாட்டிவுடாதே. இன்னிக்கு உன் டியூட்டி."

"டேய், சார் எஸ்.டி.பி. உள்ள இருக்காருடா. ஃபேன் ஓடல. நான் ஓடுதுன்னு சொல்லிட்டேன்டா. செத்துடுவாருடா!"

 ஐந்தாம் சானலில், படிகளில் தடதடவென்று பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது.

மேஜையின் ஓரத்தில், தீப்பிடித்தால் கட்டடம் முழுக்க அறிவிப்பதற்கான மைக் இருந்தது. ஜோவிதா அதைத் தொட்டதே இல்லை. சிவப்பு ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கத்தினாள். "சேஷகிரி சார்! பேசினது போதும்! வாயை மூடிக்கிட்டு வெளிய ஓடி வாங்க! ஃபேன் ஓடல!" காலியான மாடிகளிலெல்லாம் அவள் குரல் முட்டி மோதியது. இரண்டாம் சானல் வழியாக, அவருக்குப் பின்னால் எங்கோ தூரத்தில், ஓடுகிற பம்புகளின் இரைச்சலுக்கு அடியில், தன் குரல் கொசகொசவென்று ஒலிப்பது அவளுக்கே கேட்டது. ஒரு வார்த்தையும் பிரியவில்லை.

"ஏதோ அனவுன்ஸ்மென்ட் வருது பாரு," என்றார் சேஷகிரி சார். "டெஸ்ட் பண்றியா? குட். இந்த ஸ்பீக்கர் உள்ள ஒன்னு வைக்கணும்னு சொன்னேன். வெளிய பார்க்கிங்ல மட்டும் வெச்சாங்க. உள்ள இருக்கிறவனுக்கு எப்படி கேக்கும்? சொன்னா யாரு கேக்கிறாங்க..."

ஜோவிதா மைக்கை விட்டுவிட்டு இரண்டாம் சானல் வாக்கியை எடுத்தாள். சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்து அவர் சொல்வதைக் கேட்டாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். இந்தக் கட்டடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

"...எல்லா எடத்திலும் இதேதான் நடக்குது. ஒருத்தன் விழுவான். அவனைக் காப்பாத்த ரெண்டாவது ஆள் ஓடுவான், அவனும் விழுவான். மூணாவது ஆளும் ஓடுவான். வரிசையா கிடப்பாங்க. அதுக்குத்தான் சண்டை போட்டு ஒரு மாஸ்க் செட் வாங்கினேன். சிலிண்டரோட. பக்கத்து பம்ப் ரூம்ல பச்சை பீரோ இருக்கே, அதுல மேல் தட்டுல. ஒருத்தனுக்காவது தெரியுமா? எத்தனை தடவை வாக்கில சொல்லியிருக்கேன். ஒருத்தனும்... ஒருத்தனும்..."

நிறுத்தினார். ஆனால் கட்டைவிரலை எடுக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"என்ன சொல்லிட்டு இருந்தேன்? பச்சை பீரோ. ஆமா. மேல் தட்டு. பச்சை... தலை கொஞ்சம் சுத்துது ஜோவிதா. காலைல டிஃபன்... டிஃபன் சரியா..."

ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் விட்ட மனிதர் இல்லை அவர். ஏதோ இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்ன டிக். இரண்டாம் சானல் காலியாகிவிட்டது.

அந்த அமைதியைப் போல ஒரு பயங்கரத்தை ஜோவிதா அதுவரை அறிந்ததில்லை. "சார்?" என்றாள். யாரும் குறுக்கே வரவில்லை. "சார், சார்" என்றாள். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், சானல் முழுக்க அவளுடையது. வாக்கியைக் கையில் பிடித்தபடி லிஃப்டுக்கு ஓடினாள்.

பம்ப் ரூமில் பச்சை பீரோ இருந்தது. மேல் தட்டில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரியாமல், கறுப்பு மாஸ்க்கும் முதுகில் மாட்டும் மஞ்சள் சிலிண்டரும் இருந்தன. இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு அவள் எஸ்.டி.பி. கதவுக்கு வந்தபோது க்ளென் மூச்சிரைக்க ஓடிவந்து நேராக உள்ளே பாயப் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் தெறித்தது.

"விடு ஜோவி! உள்ள கிடக்காரு!"

"இதை மாட்டிட்டுப் போ. இல்லன்னா நீயும் கிடப்பே. அப்புறம் நான் வருவேன், நானும் கிடப்பேன். மாட்டுடா!"

போன வருஷம் தீயணைப்புப் பயிற்சியில் க்ளென் இதுபோல ஒன்றை ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தான். கைகள் ஒத்துழைக்கவில்லை. பெல்ட்டைத் திருப்பிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி மாட்டினான்.  மேலே குழாயில் ஃபேன் காற்றை இழுப்பது உஸ்ஸென்று கேட்டது. திறந்த கதவுக்குள் மங்கலான விளக்கில் தொட்டிகளும் குழாய்களும் ஒன்றன் பின் ஒன்றாக இருட்டுக்குள் போயின. சேஷகிரி சார் கண்ணில் படவில்லை. முக்கியமாக, ஒரு நாற்றமும் இல்லை. அவள் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு கதவிலிருந்து பின்வாங்கினாள்.

க்ளென் உள்ளே போய் நாலு எட்டு வைப்பதற்குள் மாஸ்க் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கைகளை நீட்டித் தடவினான். எந்தப் பக்கம் என்று கையாலேயே கேட்டான். அவளுக்கு மட்டும் தெரிந்தா இருந்தது? "சார்!" என்று வாக்கியில் கத்தினாள். அப்போது தொட்டிகளுக்கு அப்பால், இடது பக்கத்திலிருந்து, "சார்!" என்று அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. அவர் கையிலிருந்து விழுந்த வாக்கி அங்கே கிடந்து பேசிக்கொண்டிருந்தது.

க்ளென் அந்தப் பக்கம் திரும்பினான். அவள் நிறுத்தினால் அவன் நின்றான். பேசினால் நகர்ந்தான்.

ஆகவே பேசினாள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். "சார், ஜோவிதா பேசுறேன் சார். க்ளென் வர்றான் சார். நேத்து மழையில எங்க தெருவுல முழங்கால் தண்ணி சார். சில்க் போர்டு சிக்னல்ல பஸ் ஒரு மணி நேரம் நின்னுச்சு சார். தங்கச்சிக்கு நிச்சயம் வெச்சிருக்கோம், பச்சைப் புடவையா ரோஸ் புடவையான்னு அம்மாவுக்கும் அவளுக்கும் சண்டை சார். கன்ட்ரோல் ரூம் ஜன்னல்ல ஒரு புறா முட்டை போட்டிருக்கு சார், நீங்க பார்த்தா தொரத்தச் சொல்வீங்கன்னு சொல்லல சார்..." வார்த்தை தீர்ந்துபோனபோது அருள் நிறைந்த மரியே ஜெபத்தைச் சொன்னாள். அது முடிந்ததும் பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னாள். அவளிடம் இவ்வளவு பேச்சு இருந்தது அவளுக்கே தெரியாது. உள்ளேயிருந்து அவள் குரல் அத்தனையையும் திருப்பிச் சொன்னது. நிறுத்திவிட்டால் இரண்டு உயிர் போய்விடும் என்ற பயத்தில், மூச்சு வாங்கக்கூட அவள் விரலை எடுக்கவில்லை.

க்ளென் குனிவது தெரிந்தது. பிறகு இழுக்கும் சத்தம். சேஷகிரி சாரின் குதிகால்கள் தரையில் உரசிக்கொண்டு வந்தன. கதவைத் தாண்டியதும் இருவருமாக அவரைத் தூக்கி, கார்கள் மேலே ஏறும் சரிவு வழியாக வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் ரத்தம். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று ஜோவிதாவுக்குத் தெரியவில்லை. க்ளென் மாஸ்க்கைக் கழற்றி அவர் முகத்தில் வைத்து அழுத்தினான். கேட்டிலிருந்து செக்யூரிட்டிகள் ஓடிவந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். நெஞ்சு ஒரு தடவை மேலே வந்தது. நின்றது. நின்றே இருந்தது. பிறகு இன்னொரு தடவை வந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் அவர் இருமினார். கண்ணைத் திறந்தார். வானத்தைப் பார்த்தார், மேம்பாலத்தைப் பார்த்தார், க்ளென்னைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைத்தபோது, குனிந்து நின்ற ஜோவிதாவின் முகத்தில் அவர் பார்வை வந்து நின்றது. உயிர் பிழைத்துவிட்டார் என்று அவளுக்கு அழுகை வந்தது. ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னாள். இனி அவர் எத்தனை மணி நேரம் பேசினாலும் எதிரில் உட்கார்ந்து கேட்பேன் என்று நினைத்துக்கொண்டாள். நிஜமாகவே நினைத்தாள்.

சேஷகிரி சார் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"நான் கேட்டப்போ ஃபேன் ஓடுச்சாம்மா?"

க்ளென் தலையைக் குனிந்துகொண்டான். ஜோவிதா அவர் மேலே பேசுவதற்காகக் காத்திருந்தாள். எப்போதும் அப்படித்தானே, ஒரு கேள்வி கேட்பார், பதில் வருவதற்குள் அடுத்த கதைக்குப் போய்விடுவார். இப்போதும் போய்விடுவார். மேனேஜ்மென்ட்டைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், கான்ட்ராக்டரின் மைத்துனனை இழுப்பார். போகட்டும், போய்விடட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அவர் போகவில்லை. மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி, வாயை மூடிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துப் பதிலுக்காகக் காத்திருந்தார்.